கண் பரிசோதனை எல்லாம் நார்மல், ஆனால் அம்மாவுக்கு எதிரில் இருக்கும் டம்ளர் தெரியவில்லை. யாருக்காவது அனுபவம் உண்டா?

முடிச்சு · சனி, இரவு 9:12

வணக்கம். அம்மாவுக்கு 61 வயது. மதுரை கீழவாசல் பக்கம் வீடு. சின்ன வயதிலிருந்தே சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுகிறவர். கொஞ்ச காலமாகப் பார்வையில் ஏதோ கோளாறு. கண்புரை ஆபரேஷன் ஆகிவிட்டது, கண்ணாடியும் மாற்றியாகிவிட்டது. கடைசியாகப் பார்த்த கண் டாக்டர், "விழித்திரை, பிரஷர், கண் நரம்பு எல்லாம் சுத்தமாக இருக்கிறது, ஒரு நியூராலஜி டாக்டரைப் பாருங்கள்" என்று எழுதிக் கொடுத்தார். வீட்டில் பெரியவர்கள், "கண்ணு தெரியலைன்னா கண்ணுக்குத்தானே பார்க்கணும், மூளைக்கு எதுக்குப் பார்க்கணும்?" என்கிறார்கள்.

நான் கவனித்ததைச் சொல்கிறேன். மாத்திரை அட்டையில் பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும் தேதியைப் படித்துவிடுகிறார். அதே அம்மா, பேப்பரில் கொட்டை எழுத்தில் இருக்கும் தலைப்பைப் படிக்க முடியாமல் திணறுகிறார். சாப்பிட உட்கார்ந்தால் தட்டு தெரிகிறது, பக்கத்தில் இருக்கிற டம்ளர் தெரியவில்லை. டம்ளரைக் கையில் கொடுத்தால் "தட்டை எங்கே எடுத்துட்டுப் போன?" என்று கேட்கிறார். தட்டு அதே இடத்தில்தான் இருக்கிறது.

முடிச்சு வேலைதான் என்னை ரொம்பக் கலக்குகிறது. துணியில் போட்ட அச்சைப் பார்த்து, நகத்தால் ஒரு துளி துணியைக் கிள்ளி எடுத்து, நூலைச் சுற்றி இறுக்குவார்கள். அம்மாவுக்குக் கிள்ளுவதும் சுற்றுவதும் இன்னும் அப்படியே வருகிறது, விரல் வேகம் குறையவில்லை. ஆனால் அடுத்த புள்ளி எங்கே என்று தெரியவில்லை. போட்ட முடிச்சின் மேலேயே திரும்பப் போடுகிறார், இல்லையென்றால் ஒரு வரிசையையே விட்டுவிடுகிறார்.

ஞாபகம் நன்றாக இருக்கிறது. யார் யார் எவ்வளவு பாக்கி என்று நோட்டைப் பார்க்காமல் சொல்கிறார். நர்ஸாக இருக்கும் சொந்தக்காரப் பெண் ஒருத்தி, இது டிமென்ஷியாவாகக்கூட இருக்கலாம் என்றாள். அது மறதி நோய்தானே, ஞாபகம் இருக்கும்போது எப்படி டிமென்ஷியா?

திருமங்கலம் கண்ணாடி · சனி, இரவு 10:05

நான் ஆப்டோமெட்ரிஸ்ட், கண்ணைச் சோதித்துக் கண்ணாடிப் பவர் பார்ப்பது என் வேலை. டாக்டர் இல்லை, அதனால் நோய்க்குப் பெயர் வைக்க மாட்டேன். ஆனால் அந்தக் கண் டாக்டர் சொன்னதைத் தள்ளிப் போடாதீர்கள், தம்பி. நீங்கள் எழுதியிருப்பதில் பாதி, கண்ணில் கோளாறு இருந்தால் வருகிற மாதிரியே இல்லை.

கண்ணில் பழுது இருந்தால் பெரும்பாலும் பெரிய எழுத்து தெரியும், சின்ன எழுத்து தெரியாது. உங்கள் அம்மாவுக்கு அது தலைகீழாக இருக்கிறது. சின்ன எழுத்து ஒரே பார்வைக்குள் அடங்கிவிடுகிறது. பெரிய எழுத்து அடங்கவில்லை, ஒரு துண்டு மட்டும் தெரிகிறது. தட்டைப் பார்த்தால் டம்ளர் மறைவதும் அதே சங்கதிதான். ஒரு நேரத்தில் ஒரு பொருளுக்கு மேல் மூளை பிடித்து வைக்க மறுக்கிறது.

எங்கள் அறையில் இது ஏன் தப்பிப்போகிறது என்றும் சொல்கிறேன். சார்ட்டில் ஒவ்வொரு எழுத்தாகக் குச்சியை வைத்துக் காட்டுவோம். இந்த மாதிரி ஆட்கள் அதைச் சரியாகச் சொல்லிவிடுவார்கள், 6/6, அதாவது பார்வை சரி என்று எழுதிவிடுவோம். அடுத்த முறை இரண்டு விஷயத்தைக் கேட்டுப் பாருங்கள். முதலாவது, நிறப் புள்ளிகளுக்குள் எண் மறைந்திருக்கும் இஷிஹாரா அட்டை. சேலை என்ன நிறம் என்று சரியாகச் சொல்கிறவர் அந்த எண்ணைப் படிக்க முடியாமல் போனால், நிறக்குருடு என்று எழுதிவிடக் கூடாது. புள்ளிகளைச் சேர்த்து ஓர் உருவமாகப் பார்ப்பதில்தான் சிக்கல் இருக்கலாம். இரண்டாவது, நேரே பார்க்கும்போது சுற்றிலும் எவ்வளவு தெரிகிறது என்று பார்க்கும் ஃபீல்டு டெஸ்ட். இரண்டு கண்ணிலும் ஒரே பக்கம் பார்வை குறைந்திருந்தால் கோளாறு பெரும்பாலும் கண்ணுக்குப் பின்னால், மூளைக்குள் இருக்கிறது.

மதுரைக்காரர்களுக்குக் கண் வைத்தியம் பழகிப்போன விஷயம். 1976-ல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கையோடு ஆரம்பித்த அரவிந்த் இருக்கிற ஊர் இது. கண்புரை முற்றும் வரை காத்திருக்கக் கூடாது என்று கிராமத்துப் பாட்டிக்குக்கூடத் தெரியும். பார்வையில் பாதி வேலை மூளையில் நடக்கிறது என்பது மட்டும் இன்னும் யார் வீட்டுக்கும் போய்ச் சேரவில்லை.

ஓய்வு ஆசிரியர் · ஞாயிறு, காலை 6:40

வயதானால் பார்வை மங்கத்தான் செய்யும். 61 வயதில் ஓர் அம்மாவுக்கு இவ்வளவு பெரிய பெயரைச் சூட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. இணையத்தில் படித்துவிட்டு வீட்டில் எல்லோரும் பயந்துபோவதை நிறையப் பார்த்திருக்கிறேன். பி12, தைராய்டு, சர்க்கரை எல்லாம் பார்த்தாயிற்றா? முதலில் அதைப் பாருங்கள்.

நரம்பியல் மாணவி · ஞாயிறு, காலை 11:20

ஐயா சொன்ன ரத்தப் பரிசோதனைகளைக் கட்டாயம் எடுக்க வேண்டும். ஆனால் "வயதானால் இப்படித்தான்" என்பதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. போட்ட முடிச்சின் மேலேயே முடிச்சுப் போடுவது மூப்பு இல்லை.

அண்ணே, பார்வை மூளையில் எப்படிப் போகிறது என்று முதலில் சொல்கிறேன். அது புரிந்தால், ஞாபகம் இருக்கும்போது டிமென்ஷியா எப்படி என்ற உங்கள் கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும். கண்ணிலிருந்து வருவது தலையின் பின்பக்கம், பிடரிக்குச் சற்று மேலே இருக்கும் ஆக்ஸிபிடல் பகுதிக்குப் போகிறது. அங்கே கோடு, விளிம்பு, அசைவு என்று துண்டு துண்டாகத்தான் பதிகிறது. அங்கிருந்து இரண்டு தடம் பிரிகிறது. ஒன்று காதுக்கு உள்பக்கம் இருக்கும் டெம்போரல் பகுதிக்குக் கீழ்வழியாகப் போகும். இது என்ன பொருள், யார் முகம் என்பதை அங்கேதான் கண்டுகொள்கிறோம். இன்னொன்று உச்சந்தலைக்குப் பின்னால் இருக்கும் பரைட்டல் பகுதிக்கு மேல்வழியாகப் போகும். எங்கே இருக்கிறது, எவ்வளவு தூரம், கையை எப்படி நீட்டுவது என்பதெல்லாம் அதன் வேலை. அங்கர்லைடர், மிஷ்கின் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1982-ல் இந்தப் பிரிவை எழுதினார்கள். குடேலும் மில்னரும் 1992-ல், மேல்வழி முக்கியமாகக் கையையும் உடலையும் இயக்குவதற்கானது என்று அதைத் திருத்தினார்கள்.

தட்டு, டம்ளர் என்று பொருளை அம்மா கண்டுகொள்கிறார். இடம் தெரியவில்லை, பல பொருளைச் சேர்த்துப் பார்க்க முடியவில்லை. நான் படித்த அளவில் இது மேல்வழிச் சிக்கல் மாதிரி இருக்கிறது. ஹங்கேரி டாக்டர் பாலின்ட் 1909-லேயே இதைப் போன்ற ஒரு நோயாளியைப் பற்றி எழுதியிருக்கிறார்.

இந்தப் பின்பக்கத்தில் மெல்ல மெல்லத் தேய்மானம் வரும் நோய்க்கு போஸ்டீரியர் கார்ட்டிகல் அட்ரோஃபி என்று பெயர், சுருக்கமாகப் பிசிஏ. ஃபிராங்க் பென்சன் என்ற நரம்பியல் டாக்டர் 1988-ல் ஐந்து நோயாளிகளை வைத்து இந்தப் பெயரைக் கொடுத்தார். பெரும்பாலானவர்களுக்கு அடியில் இருப்பது அல்சைமர் நோய்தான். வழக்கமான அல்சைமர் ஞாபகத்துக்கான இடத்தில் தொடங்கும், இது பார்வைக்கான இடத்தில் தொடங்குகிறது. அதனால்தான் கடன் பாக்கி நினைவிருக்கிறது, டம்ளர் தெரியவில்லை. 2024-ல் 16 நாடுகளைச் சேர்ந்த 1,092 பேரை வைத்து வந்த ஆய்வில், முதல் அறிகுறி தெரிந்த வயது சராசரியாக 59. அறிகுறி தெரிந்ததிலிருந்து நோயைக் கண்டுபிடிக்கக் கிட்டத்தட்ட நாலு வருடம் ஆகியிருக்கிறது. ஐயாவுக்கு இதைத்தான் சொல்ல விரும்புகிறேன். 61 வயது இந்த நோய்க்குச் சின்ன வயது இல்லை, இதுதான் அதன் வயது.

டாக்டர் நேரில் பார்க்காமல் இதுதான் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் பார்க்கவே வேண்டாம் என்றும் யாரும் சொல்லக் கூடாது.

முடிச்சு · ஞாயிறு, மதியம் 2:30

ரொம்ப நன்றி. ஒரு வரி மட்டும் புரியவில்லை. மூளை "சுருங்குகிறது" என்று ஓரிடத்தில் படித்தேன், "இணைப்பு அறுகிறது" என்று இன்னோர் இடத்தில் படித்தேன். எது சரி? அதற்கென்று தனி ஸ்கேன் இருக்கிறதா? இருந்தால் கடன் வாங்கியாவது எடுத்துவிடலாம் என்று இருக்கிறேன்.

நரம்பியல் மாணவி · ஞாயிறு, மாலை 4:10

இரண்டும்தான். நம் பக்கத்துக் கண்மாய்களை நினைத்துக்கொள்ளுங்கள். மேலக் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால்தான் அடுத்த ஊர்க் கண்மாய்க்குத் தண்ணீர். நடுவில் வாய்க்கால் தூர்ந்துவிட்டால், மேலே தண்ணீர் கிடந்தும் கீழே வயல் காயும். மூளையிலும் ஓர் இடம் கெடுவதற்கு முன்பே, அந்த இடத்துக்கும் மற்றதற்கும் நடுவில் இருக்கும் போக்குவரத்து கெடலாம். நோயும் அதே வாய்க்கால் வழியாகவே பரவுவதாகக் கருதுகிறார்கள். 2009-ல் வில்லியம் சீலியும் கூட இருந்தவர்களும் ஐந்து வகை மூளைத் தேய்வு நோய்களை எடுத்துப் பார்த்தார்கள். ஒவ்வொன்றும் நல்ல மூளையில் ஏற்கெனவே சேர்ந்து இயங்கும் ஒரு வலைப்பின்னலையே தாக்குகிறது என்று கண்டார்கள்.

இதை அளக்கும் விதம் இரண்டு. ஒன்று, மூளையின் இடங்களை இணைக்கும் வெள்ளை இழைக் கற்றைகளில் தண்ணீர் மூலக்கூறு எந்தத் திசையில் நகர்கிறது என்று பார்ப்பது. இழை சிதைந்தால் அந்தத் திசை கலங்கும். இன்னொன்று, ஆள் எம்ஆர்ஐ-க்குள் சும்மா படுத்திருக்கும்போது, தூரத்தில் இருக்கும் இரண்டு இடங்களின் ரத்த ஆக்ஸிஜன் சேர்ந்து ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பது. 1995-ல் பிஸ்வால் குழு கை அசைவுப் பகுதிகளில் இதைக் காட்டினார்கள். அல்சைமரில் இந்த ஒத்திசைவு குறைகிறது என்று 2004-ல் கிரீசியஸ் குழு எழுதியது. பிசிஏ உள்ளவர்களுக்குப் பார்வை வலைப்பின்னலும், கவனத்தை இடம்விட்டு இடம் திருப்பும் வலைப்பின்னலும் சேர்ந்தே தளர்கின்றன.

ஆனால் இவை ஆராய்ச்சிக்கான அளவுகள். நூறு பேரை நூறு பேரோடு ஒப்பிட உதவும். ஒருவருக்கு நோய் உண்டா இல்லையா என்று இதை வைத்துச் சொல்ல மாட்டார்கள். தயவுசெய்து இதற்காகக் கடன் வாங்காதீர்கள், அண்ணே. டாக்டர் எழுதும் சாதாரண எம்ஆர்ஐ-யே பெரும்பாலும் பின்பக்கத் தேய்மானத்தைக் காட்டும். கட்டி, பக்கவாதம் இல்லை என்பதையும் அதிலேயே பார்த்துவிடலாம். "பரைட்டல், ஆக்ஸிபிடல் பகுதிகளைக் குறிப்பாகப் பார்க்கவும்" என்று டாக்டர் சீட்டிலேயே எழுதித் தந்தால் நல்லது.

கண்மாய்க்கரை · ஞாயிறு, இரவு 8:55

உசிலம்பட்டிப் பக்கம் நான். எங்க அப்பாவுக்கு இதே மாதிரி வேறொன்று. படித்ததும் எழுதணும்னு தோன்றியது.

அப்பாவுக்கு 73. ரெண்டு மூணு வருடத்துக்கு முன்னால் தூக்கத்தில் கத்துவார், கையைக் காலை வீசுவார், ஒரு தடவை கட்டிலிலிருந்து விழுந்தார். அப்புறம் நடை மெதுவானது. பிறகு, "திண்ணையில பிள்ளைக உட்கார்ந்திருக்குக, ஏதாவது சாப்பிடக் கொடு" என்று அம்மாவிடம் சொல்ல ஆரம்பித்தார். பாவாடை சட்டை போட்ட ரெண்டு பெண் பிள்ளைகள், ஒரு பையன். சட்டை என்ன கலர் என்று கேட்டால் சொல்வார். பயமே கிடையாது. சில நாள் சாயங்காலம் மட்டும். மறுநாள் காலையில் தெளிவாக உட்கார்ந்து பருத்தி விலை பேசுவார்.

சொந்தக்காரங்க காத்து கருப்பு என்றார்கள். குலசாமி கோயிலுக்குப் போனோம், அதில் எனக்கு வருத்தம் இல்லை, அப்பாவுக்கும் அது ஆறுதல்தான். ஆனால் ஒரு நாள் ராத்திரி ரொம்பக் கலவரமாகி ஓர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். அங்கே அமைதிப்படுத்த ஓர் ஊசி போட்டார்கள். விடியும்போது அப்பா கட்டை மாதிரி விறைத்துப் போனார். எச்சில் விழுங்க முடியவில்லை. அதிலிருந்து மீண்டு வர வெகு நாள் ஆனது. பிறகு பார்த்த நியூராலஜி டாக்டர்தான் லூயி பாடி டிமென்ஷியா என்று சொன்னார். அந்த ஊசிப் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி ஃபைலின் முதல் பக்கத்தில் ஒட்டச் சொன்னார். ஒட்டி வைத்திருக்கிறேன்.

கண் நல்லாத்தான் இருக்கு. இல்லாத பிள்ளைகள் எப்படித் தெரியுது? யாராவது சொல்லுங்க.

ஐசியூ செவிலி · ஞாயிறு, இரவு 10:30

ஊசி விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், இந்தப் பதிவுகளைப் படிக்கிற எல்லோருக்கும் தேவை. லூயி பாடி உள்ளவர்களுக்கு, கலவரத்தை அடக்கப் போடும் ஹாலோபெரிடால் மாதிரியான மருந்துகள் ஆபத்து. உடல் விறைப்பு, மயக்கம், காய்ச்சல் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். கைநடுக்கத்துக்குக் கொடுக்கும் டிரைஹெக்சிஃபெனிடில் மாதிரி மாத்திரைகளும் உருவம் தெரிவதையும் குழப்பத்தையும் கூட்டும். கடையில் தானாக வாங்கும் சில சளி, அலர்ஜி, தூக்க மாத்திரைகளும் அப்படித்தான். இதையெல்லாம் டாக்டரிடம் கேட்காமல் நீங்களாக நிறுத்தவும் கூடாது, ஆரம்பிக்கவும் கூடாது.

அவசரத்துக்குப் போகும்போது, டூட்டியில் யார் இருந்தாலும் வாசலிலேயே "லூயி பாடி டிமென்ஷியா, ஹாலோபெரிடால் வேண்டாம்" என்று சொல்லுங்கள். நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம். ராத்திரி டூட்டியில் கலவரமாக வரும் பெரியவருக்கு என்ன நோய் என்று யாரும் சொல்லாவிட்டால், கைக்கு வருவது அந்த ஊசிதான். இன்னொன்று, கலவரம் திடீரென்று கூடினால் சிறுநீர்த் தொற்றும் மலச்சிக்கலும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

நரம்பியல் மாணவி · திங்கள், காலை 7:15

கண்மாய்க்கரை அண்ணே, செவிலி அக்கா சொன்னதை முதலில் இரண்டு தடவை படியுங்கள். பிள்ளைகள் எப்படித் தெரிகிறார்கள் என்பதைப் பிறகு பார்க்கலாம்.

லூயி என்ற டாக்டர் 1912-ல் மூளைச் செல்லுக்குள் புரத உருண்டைகளைக் கண்டார். அவை மூளையின் மேலடுக்கான புறணி முழுக்கப் பரவினால் இந்த வகை டிமென்ஷியா வரும் என்று ஜப்பானின் கென்ஜி கொசாகா 1976-லிருந்து எழுதினார். இதில் வியப்பான ஒன்று உண்டு. பிசிஏ-யில் சுருங்குகிற அளவுக்கு இதில் மூளையின் பின்பக்கம் சுருங்குவதில்லை. இடம் அப்படியே இருக்கிறது, வேலைதான் குறைகிறது. மூளையின் எந்த இடம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் பெட் ஸ்கேனில் ஆக்ஸிபிடல் பகுதி சர்க்கரையைக் குறைவாக எடுப்பது தெரியும். மூளையின் பின்பக்கத்தையும் பொருளை அடையாளம் காணும் பகுதியையும் இணைக்கும் நீளமான இழைக்கற்றையும் பலவீனமாகியிருப்பது ஸ்கேன் ஆய்வுகளில் தெரிகிறது. கூடவே, கவனத்தைக் கூர்மையாக்கும் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் அல்சைமரைவிட இதில் அதிகம் குறைகிறது.

நாம் பார்ப்பது எல்லாமே கண்ணிலிருந்து வருவது இல்லை. மூளை பழைய அனுபவத்தை வைத்து ஊகிக்கிறது, கண்ணிலிருந்து வரும் செய்தியை வைத்து அந்த ஊகத்தைச் சரிபார்க்கிறது. சாயங்கால வெளிச்சத்தில் திண்ணைத் தூணும் மடித்து வைத்த சாக்கும் அரைகுறையாகத் தெரியும்போது, "பிள்ளைகள்" என்று ஓர் ஊகம் எழுகிறது. உங்களுக்கும் எனக்கும் அது நொடியில் கலைந்துவிடும். சரிபார்க்கும் கவன வலைப்பின்னல் தளர்ந்து, நினைவுகளை எழுப்பும் உள்வலைப்பின்னல் கட்டுப்பாடில்லாமல் ஓடினால் அது கலையாது, சட்டையும் நிறமுமாக நின்றுவிடும். பல ஆய்வாளர்கள் முன்வைக்கும் விளக்கம் இது. ஒரே நாளில் தெளிவும் குழப்பமும் மாறி மாறி வருவதும் இந்த நோயின் குணமே. அப்பா நடிக்கவில்லை.

டோனெபெசில், ரிவாஸ்டிக்மின் இரண்டும் அந்த ரசாயனம் வீணாகாமல் காப்பவை. பலருக்கு உருவம் தெரிவது குறைகிறது. ஜப்பானில் 2014-ல் டோனெபெசிலுக்கு இந்த நோய்க்கென்றே அனுமதி கொடுத்தார்கள். அப்பாவின் டாக்டரிடம் கேளுங்கள்.

ஓய்வு ஆசிரியர் · திங்கள், காலை 8:20

என் அண்ணனுக்குக் கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோயில் பார்வை பெரும்பாலும் போய்விட்டது. அவருக்கும் பூ வேலைப்பாடும் தொப்பி போட்ட மனிதர்களும் தெரிகிறார்கள். ஆனால் "இது பொய்த்தோற்றம்" என்று அவரே சொல்கிறார். அவருக்கும் டிமென்ஷியாவா?

திருமங்கலம் கண்ணாடி · திங்கள், காலை 9:45

அவசியம் இல்லை சார். பார்வை போனவர்களுக்கு மூளை தானாக உருவங்களை நிரப்புவது உண்டு. சுவிட்சர்லாந்தின் சார்ல்ஸ் பொனே 1760-ல் தன் தாத்தாவுக்கு நேர்ந்ததை எழுதினார், அவர் பெயரிலேயே அழைக்கிறார்கள். பொய் என்று தெரிந்திருப்பது, மற்ற யோசனை தெளிவாக இருப்பது, இரண்டும் நல்ல அறிகுறி. வெளிச்சத்தைக் கூட்டினால், கண்ணை நகர்த்தினால் பலருக்கு மறையும். அண்ணனிடம் வெளிப்படையாகக் கேட்டதற்கு உங்களைப் பாராட்ட வேண்டும். பைத்தியம் என்பார்களோ என்று நிறையப் பேர் சொல்லாமலே இருந்துவிடுகிறார்கள்.

திருநகர் அக்கா · திங்கள், மாலை 5:00

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அன்றாட வேலைகளைத் தானே செய்துகொள்ள நோயாளிகளைப் பழக்குபவள். காரணத்தை எல்லோரும் நன்றாகச் சொல்லிவிட்டார்கள், நான் வீட்டுக்குள் வருகிறேன். மருந்து செய்வதற்குச் சமமாக வீடு செய்யும், நான் தினமும் பார்க்கிறேன்.

முதலில் சாப்பாடு. எவர்சில்வர் தட்டில் தயிர்சாதம், எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர், டியூப் லைட் பளபளப்பு. இந்த மூளைக்கு அது எதையும் பிரித்துக் காட்டாது. பாதி சாப்பாட்டில் எழுந்துவிட்டால் பசி இல்லை என்று நினைத்துவிடுகிறோம். 2004-ல் பாஸ்டனில் முற்றிய அல்சைமர் நோயாளிகளுக்குச் சிவப்பு நிறத் தட்டும் டம்ளரும் கொடுத்துப் பார்த்தார்கள். உணவு 25 சதவீதம், நீர் ஆகாரம் 84 சதவீதம் கூடுதலாக உள்ளே போயிருக்கிறது. நமக்குச் சுலபமான வழி வாழை இலை. வெள்ளைச் சோறு பச்சையில் எடுத்துத் தெரியும். தம்பி, அம்மாவுக்கு இலையில் போட்டு, ஒரு நேரத்தில் ஒரே பொருளை மட்டும் வையுங்கள். டம்ளர் எப்போதும் வலது கை ஓரத்தில் ஒரே இடத்தில் இருக்கட்டும். கண் தேடாவிட்டாலும் கை போய்விடும்.

தரை அதைவிட முக்கியம். கறுப்பு மிதியடி இவர்களுக்குக் குழியாகத் தெரியும், தாண்டப் போய் விழுவார்கள். பழைய வீடுகளில் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட தரை இருக்கும், அது படிக்கட்டு மாதிரி தோன்றும். மிதியடியை எடுத்துவிடுங்கள். நிஜப் படியின் விளிம்பில் மட்டும் மஞ்சள் டேப் ஒட்டுங்கள். ஈரத்தரை மினுங்கினால் தண்ணீர் நிற்கிறது என்று நினைத்து நின்றுவிடுவார்கள். குளியலறையில் வெள்ளை டைல்ஸுக்கு நடுவே வெள்ளை வாளி, வெள்ளைக் கப் வேண்டாம், சிவப்போ நீலமோ வாங்குங்கள். கதவை அடைக்கும்போது குரல் கொடுங்கள். கேஸ் அடுப்பு, அரிவாள்மனை, வண்டி மூன்றையும் பிசிஏ சந்தேகம் வந்த அன்றே நிறுத்த வேண்டும். இதில் நான் சமரசம் செய்துகொள்வதில்லை.

கண்மாய்க்கரை தம்பிக்கு: சாயங்காலம் இருட்டு விழுவதற்கு முன்பே திண்ணை விளக்கைப் போடுங்கள். மூலையில் கிடக்கும் சாக்கு, ஆணியில் தொங்கும் சட்டை, நிலைக்கண்ணாடி எல்லாவற்றையும் எடுத்து உள்ளே வையுங்கள் அல்லது மூடுங்கள். டிவியில் வருகிறவர்கள் வீட்டுக்குள் வந்துவிட்டதாக நினைத்தால் அணைத்துவிடுங்கள். "பிள்ளை எதுவும் இல்லை" என்று சண்டை போட வேண்டாம், "ஆமா இருக்கு" என்று சேர்ந்து நடிக்கவும் வேண்டாம். "எனக்குத் தெரியலப்பா, உங்களுக்குத் தெரியுதா, வாங்க உள்ளே போவோம்" என்று கையைப் பிடித்து இடத்தை மாற்றுங்கள். பல நேரம் அதிலேயே போய்விடும்.

எனக்குப் பழக்கமான ஒரு வழியும் சொல்கிறேன். கடிகாரம் வரையச் சொல்வதுதான் வழக்கமான சோதனை. நம் பாட்டிகளில் பலருக்குக் கடிகாரம் வரைந்து பழக்கம் கிடையாது. நான் அதோடு புள்ளிக் கோலமும் போடச் சொல்வேன். நாலு வரிசைப் புள்ளி வைப்பார்கள், வரிசை சாய்ந்து ஓரத்துக்கு ஒதுங்கும், கம்பி இழுக்கும்போது ஒரு புள்ளியைச் சுற்றிவிட்டு அடுத்த புள்ளியைத் தவறவிடுவார்கள். ஐம்பது வருடமாக வாசலில் போட்ட கை அது. இதற்கு மதிப்பெண் முறை எதுவும் இல்லை, என் குறிப்புக்காகப் பார்ப்பது. ஆனால் குடும்பத்துக்குச் சொல்லிப் புரியவைக்க இதைவிடச் சுலபமான வழி எனக்குக் கிடைக்கவில்லை.

புதுத்தாமரைப்பட்டி · திங்கள், இரவு 9:30

வல்லாரை லேகியம், ஞாபக சக்திப் பவுடர், செல்போனில் மூளை விளையாட்டு, இதெல்லாம் வேலை செய்யுமா?

ஐசியூ செவிலி · திங்கள், இரவு 10:10

வல்லாரைத் துவையலைத் தாராளமாகச் சாப்பிடுங்கள், கீரைதான். நோய் நிற்கும் என்று பணம் கட்டி வாங்க வேண்டாம். லேகியத்தில் என்ன கலந்திருக்கிறது என்று தெரியாமல் மற்ற மாத்திரைகளோடு கொடுப்பது எனக்குப் பயம். நடப்பது, ரத்த அழுத்தம், சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது, காது கேட்கவில்லை என்றால் மெஷின் போடுவது, நாலு பேரோடு பேசுவது, இவை உதவும். பிசிஏ உள்ளவருக்குத் திரையில் விளையாட்டு கொடுத்தால் தோற்றுத் தோற்று அழுவார், வேண்டாம்.

முடிச்சு · பத்து நாளுக்குப் பிறகு, இரவு 8:00

டாக்டரைப் பார்த்துவிட்டோம். எம்ஆர்ஐ-யில் பின்பக்கமும் உச்சிக்குப் பின்பக்கமும் வயதுக்கு மீறிய தேய்மானம், ஞாபகப் பகுதி பரவாயில்லை என்று சொன்னார். ரத்தத்தில் எதுவும் இல்லை. பிசிஏ என்றே எழுதியிருக்கிறார். டோனெபெசில் குறைந்த அளவில் தொடங்கியிருக்கிறோம்.

மேஜையில் ஒரு பேனா, ஒரு சாவி, ஒரு சீப்பு வைத்து "என்னென்ன இருக்கு?" என்று டாக்டர் கேட்டார். அம்மா "சாவி" என்றார். "வேற?" என்று கேட்டதும் குனிந்து, மேஜையைக் கையால் தடவி, சீப்பைத் தொட்டதும் "சீப்பு" என்றார். கண்ணால் முடியாதது தொட்டதும் வந்துவிட்டது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியப்பா அன்றோடு கண் ஆஸ்பத்திரிப் பேச்சை விட்டுவிட்டார்.

வீட்டில் இலைச் சாப்பாடு. மிதியடி எல்லாம் எடுத்தாயிற்று.

ஓய்வு ஆசிரியர் · இரவு 8:45

அம்மாவிடம் நோயின் பெயரைச் சொன்னீர்களா? என் கருத்து, சொல்லாமல் இருப்பதுதான் கருணை. மனம் உடைந்துபோகும்.

முடிச்சு · இரவு 9:05

சொல்லிவிட்டோம் சார். "மூளையில பார்வைக்கான இடம் தேஞ்சிருக்கு, மெதுவா கூடும், உங்க மேல தப்பு எதுவும் இல்ல" என்று டாக்டரே சொன்னார். அம்மா அழுதார். ஆனால் வீட்டுக்கு வந்து என்னிடம், "நான் வேணும்னே செய்யறேன்னு முதலாளியம்மா நினைச்சாங்க, போய்ச் சொல்லு" என்றார். வேலை கெட்டுப்போகும் பழி தன் மேல் இருந்ததுதான் அவரை அரித்திருக்கிறது. மறைத்திருந்தால் அந்தப் பழி அப்படியே இருந்திருக்கும்.

திருநகர் அக்கா · இரவு 9:40

நானும் தம்பி பக்கம்தான், சார். யோசனை தெளிவாக இருக்கிறவரிடம் மறைத்தால், அவர் தானாக இதைவிட மோசமாக எதையாவது நினைத்துக்கொள்வார். நிலம், வங்கி, நாமினி விஷயமெல்லாம் அவரே முடிவு செய்யக்கூடிய காலமும் இப்போதுதான்.

தம்பி, முடிச்சு வேலையை முழுக்க நிறுத்த வேண்டாம். அச்சுப் பார்த்துப் போடும் வேலை இனி வராது. வேறு யாராவது துணியைக் கிள்ளிப் பிடித்து விரலில் கொடுத்தால், நூல் சுற்றுவதை அம்மா செய்வார். முடிச்சு அவிழ்க்கும் வேலையும் தொட்டே செய்யலாம்.

உதவிக்கு: முதியோருக்கான எல்டர்லைன் 14567, இலவசம். மனம் தாங்கவில்லை என்றால் டெலி மானஸ் 14416, தமிழில் பேசலாம், பார்த்துக்கொள்கிற உங்களுக்கும்தான். இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 7.4 சதவீதம், சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கலாம் என்று 2023-ல் வந்த கணக்கு சொல்கிறது. நம் தெருவிலும் யாராவது இருப்பார்கள், கேட்டுப் பாருங்கள்.

முடிச்சு · இரவு 10:15

கடைசியாக ஒன்று, அக்கா. அம்மா ஒரு வருடம்கூட அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்காமல் இருந்ததில்லை. இந்தச் சித்திரைக்கும் போகணும் என்கிறார். கூட்டிப் போகலாமா?

திருநகர் அக்கா · இரவு 10:40

ஆற்றுக்குள் வேண்டாம். விடியாத இருட்டு, நெரிசல், தண்ணீர் பீய்ச்சுவார்கள், மேடு பள்ளம் தெரியாது. சாமி திரும்பிப் போகும்போது அழகர்கோயில் சாலையில் ஏதாவது மண்டகப்படிக்குப் பகல் வெளிச்சத்தில் கூட்டிப் போங்கள். கூட்டம் சேர்வதற்கு முன்பே போய், பின்னால் சுவர் இருக்கிற இடமாகப் பார்த்து நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். ஒருவர் பக்கத்திலேயே இருந்து, "வலது பக்கத்திலிருந்து பல்லக்கு வருதும்மா, இப்ப நேரா எதிர்ல" என்று வாயால் சொல்லிக்கொண்டே இருக்கட்டும். எங்கே பார்ப்பது என்று சொல்லிவிட்டால் அவர் பார்த்துவிடுவார். சட்டைப் பையில் இல்லை, அம்மாவின் இடுப்புச் சுருக்குப்பையில் உங்கள் போன் நம்பர் எழுதிய சீட்டு ஒன்று இருக்கட்டும்.